கொடிக்குக் கீழே காற்று

பெய்ஜென்னுக்கு மனித முகம் வரைய வராது. இதை அவளே சொல்வாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “நான் வரைஞ்சா மாமியாரும் மருமகளும் ஒரே மூஞ்சியா இருப்பாங்க. அப்புறம் சண்டைக் காட்சியில யாரு யாரை அடிக்கிறான்னு படிக்கிறவன் என்னத்தக் கண்டான்?” என்பாள். மரமும் தண்ணீரும் வேறு கதை. ஷாங்காயில் உள்ளங்கை அகலத்துக்குப் படக்கதைப் புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பதிப்பகத்தில், ஆறு ஓடுகிற பக்கமானாலும் சரி, ஏரிக்கரையில் மரம் நிற்கிற பக்கமானாலும் சரி, கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

கையில் இருப்பது மை தொட்டு இழுக்கிற பேனா. மை கறுப்பு, தாள் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை நிழலையும் கோடு போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். கோட்டை நெருக்கினால் இருட்டு, தள்ளிப் போட்டால் வெளிச்சம். போட்ட கோட்டின் மேல் குறுக்கே இன்னொரு வரிசை இழுத்தால் கிளைக்கு அடியில் தேங்கி நிற்கிற கருமை. மரத்தில் கோடு பட்டையோடு போகும், தண்ணீரில் படுத்துக்கொண்டு போகும். தண்ணீருக்குள் தெரிகிற மரத்துக்கு மட்டும் முதலில் நெட்டுக்குத்தாகக் கோட்டை இறக்கி, அப்புறம் அங்கங்கே வெள்ளையாக அறுத்துவிட வேண்டும். அறுக்காவிட்டால் அது தண்ணீரில் தெரிகிற மரமாக இருக்காது, தலைகீழாக நட்ட மரமாக இருக்கும். கரையில் பளிச்சென்று இருப்பது தண்ணீரில் ஒரு மாற்று மங்க வேண்டும். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்கிறாள் என்றே தெரியாது. கீரை ஆய்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

அவள் இடக்கைக்காரி. சாப்பாட்டுக் குச்சியை வலக்கையில் பிடிக்க அம்மா அடித்துப் பழக்கினாள். எழுத்தை வலக்கையால் எழுத வாத்தியார் அடித்துப் பழக்கினார். படம் போடுவதை ஒரு வேலையாகவே யாரும் மதிக்காததால் அதற்கு மட்டும் அடி விழவில்லை, அது இடக்கையிலேயே தங்கிவிட்டது. அதனால் மற்றவர்கள் போடுகிற நிழல்கோடு வலப்பக்கம் தலை சாய்ந்தால், இவளுடையது இடப்பக்கம் சாயும். அந்த அறையில் வேலை செய்த ஓவியர்களுக்குக் கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லத் தெரியும். கையெழுத்தைப் பார்த்துச் சொல்வதற்கு மேல் அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

அவளுடைய பக்கங்களில் மனிதர்களை வரைந்தவர் கூ திங்ஷான். அடுத்த மேஜை. நீளமான ஆள், எந்நேரமும் இருமல். முதலில் அவர் ஆட்களை வரைந்து, மரத்துக்கும் தண்ணீருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டு இவளிடம் தள்ளுவார். தண்ணீருக்கு மேலே நிற்கிற ஆளும் மாடும் கொடியும் கூவின் பொறுப்பு. தண்ணீருக்குள் தெரிகிறதெல்லாம் பெய்ஜென்னின் பொறுப்பு. மாடு அவருடையது, மாட்டின் நிழல் இவளுடையது. புத்தகத்தில் இரண்டு பேர் பெயரும் வராது. ‘கூட்டுப் படைப்பு’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

வேலையில் மட்டும் அல்ல, வீட்டிலும் பக்கத்துப் பக்கம். ஒரே சந்து, ஒரே வீடு. மாடியில் பெய்ஜென்னும் மகள் யாச்சின்னும். கீழே கூவும் அவர் மனைவி சுய்யுன்னும். சமையலறை பொது. இரண்டு கரியடுப்புகள் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தன. பெய்ஜென்னின் புருஷன் ஈரல் வீங்கிச் செத்தபோது யாச்சின்னுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. கூ தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் மாடியில் தூங்கிக் கீழே வளர்ந்தாள். “மாமா” என்றால் கூ, “அத்தை” என்றால் சுய்யுன். இன்றைக்கு எந்த அடுப்பில் கறி என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் யார் வீட்டில் சாப்பிடுவது என்று முடிவு செய்வாள்.

பிறகு கலாச்சாரப் புரட்சி என்று ஒன்று வந்தது. படித்த பிள்ளைகள் நாட்டுப்புறம் போய் மண்ணை உழ வேண்டும் என்றார்கள். யாச்சின்னை வடகிழக்கு எல்லையில் ஒரு பண்ணைக்கு ரயிலேற்றினார்கள். மேளம் அடித்து, மார்பில் காகிதப் பூ குத்தி அனுப்பினார்கள். அங்கே எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துபோகும் என்று சொல்வார்கள். அந்தக் குளிரில் பனிக்கட்டியை உடைத்துச் சணல் ஊறவைத்த பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டது. முகம் வீங்கியது, பிறகு கால் வீங்கியது. நோயாளிகளை ஊருக்குத் திருப்பி அனுப்ப வழி இருந்தது. பண்ணை ஒத்துக்கொள்ள வேண்டும், ஷாங்காய் ஆஸ்பத்திரி டாக்டர் சான்று கொடுக்க வேண்டும், குடியிருக்கிற சந்தின் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். கடைசியாகத் தாய் வேலை பார்க்கிற இடத்தில், குடும்பம் நல்ல குடும்பம், எண்ணத்தில் கோணல் இல்லை என்று முத்திரை குத்த வேண்டும். இன்னொரு குளிர்காலத்தை அந்த உடம்பு தாங்காது என்று பண்ணை டாக்டரே சொல்லி அனுப்பிவிட்டார். பெய்ஜென் அந்த வருஷம் முழுவதும் மூச்சு விட்டதே அந்த முத்திரைக்காகத்தான்.

முத்திரை பாங் கையில் இருந்தது. பாங், துண்டு நெய்கிற ஆலையில் மேஸ்திரியாக இருந்தவன். படக்காரர்களைக் கண்காணிக்க என்று பதிப்பகத்தின் தலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் முட்டாளாக இருந்திருந்தால் பல பேர் பிழைத்திருப்பார்கள். முட்டாள் இல்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்தது அல்ல. புதிதாக வருகிறவருக்கு டீ ஊற்றிக் கொடுக்கும்போதே யாராவது சொல்லிவிடுவார்கள். “கொடி நிக்கிற இடத்துல காத்து அடிச்சே ஆகணும், தெரிஞ்சுக்க.” அதாவது, குளக்கரையில் ஒரு கொடி, ஒரு தலைவர் படம், சுவரில் ஒரு கோஷம் இருந்தால், அதற்கு நேர் கீழே தண்ணீரைச் சலனமில்லாமல் விடக் கூடாது. விட்டால் நிழல் தெரியும். நிழல் என்றால் தலைகீழ். செங்கொடியைத் தலைகீழாக வரைந்துவிட்டு ‘இது இயற்கை’ என்று எந்தக் கூட்டத்தில் போய்ச் சொல்வது? ஆகவே மரத்துக்குக் கீழே கண்ணாடி மாதிரிக் கிடக்கிற குளம், கொடிக்குக் கீழே வந்ததும் அலை அடிக்கும். பெய்ஜென் போட்ட குளங்களில் எல்லாம் காற்று இடம் பார்த்துத்தான் வீசும். கூவுக்கும் இது தெரியும். ஆனால் அவர் ஒருநாளும் தண்ணீர் வரைந்ததில்லை. அடுத்தவர் தொழில் விஷயம் காதில் விழுந்திருக்கும், கையில் ஏறியிருக்காது.

அணை கட்டுகிற கதை ஒன்றை அப்போது வரைந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அணை எழும்பி நிற்கிறது, நீர் நிரம்பியிருக்கிறது, கரையில் கிளை தொங்குகிற வில்லோ மரங்கள், மக்கள், கொடி. பெய்ஜென் மரங்களை முடித்தாள், மரங்களின் நிழல்களை முடித்தாள். கொடிக்குக் கீழே ஒரு மூலை பாக்கி. அலை போடுவது நுணுக்கமான வேலை என்று கடைசிக்கு வைத்திருந்தாள். அச்சகத்துக்குப் போகிற வண்டி அன்று சாயங்காலம் வருகிறது.

மத்தியானம் சந்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இன்றோடு வெளியூர் மாற்றலாகிப் போகிறார், சான்று வேண்டுமானால் இப்போதே வா.

பெய்ஜென் பேனாவைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். பக்கத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

“என்னத்த நிக்கிற? கிளம்பு,” என்றார் கூ. “வண்டி வந்தா நான் குடுத்துக்கறேன்.”

“ஒரு மூலை பாக்கியிருக்கு அண்ணே.”

“மூலைய நாயா தூக்கிட்டுப் போகப் போகுது? பொண்ணு பெருசா, மூலை பெருசா? போ தங்கச்சி.”

அவள் ஓடினாள். சான்று கிடைத்தது. மறுநாள் காலையில் வந்தபோது பக்கம் போயிருந்தது.

“முடிச்சுக் குடுத்துட்டேன்,” என்றார் கூ. “உன் அளவுக்கு வராது. ஆனா ஒண்ணும் கெட்டுப்போயிடலை. நெசமாச் சொல்றேன், தண்ணி வரையறது ஜாலியாத்தான் இருக்கு. இத்தனை வருஷம் என்கிட்ட மறைச்சுட்ட.”

“அப்ப இனிமே நீங்களே போடுங்க. நான் மூஞ்சி வரையறேன். ஊரே சிரிக்கட்டும்,” என்றாள். மூலையில் என்ன போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சான்று கையில் இருந்த சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆசிரியர் குழுவிலும் யாரும் பார்க்கவில்லை. பெய்ஜென்னின் தண்ணீரை யார் சரிபார்ப்பது? நல்ல பெயர் எடுத்து வைப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது.

கூ செய்தது இதுதான். வெள்ளையாக ஒரு மூலையைப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் மரங்கள் அழகாகத் தண்ணீரில் தெரிவதைப் பார்த்தார். அதே மாதிரி, கரையில் நின்ற கொடியையும் தண்ணீரில் இறக்கினார். கவனமாக, நெட்டுக்குத்தாக, இவள் எப்படிச் செய்வாளோ அப்படி. கரையில் பளிச்சென்று இருந்ததை ஒரு மாற்று மங்கவைக்க வேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை. பழக்கமில்லாத கை, மங்கல் கூடிப்போனது. செங்கொடி கறுத்து, தலைகீழாகத் தொங்கியது.

புத்தகம் கடைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால் தண்ணீருக்குள் இருக்கிற கொடி நேராக நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். ஒரு வாத்தியார் பிடுங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, புத்தகம் பாங் கைக்குப் போனது.

இரண்டாம் நாள் கூட்டம். மூலப் படத்தைப் பலகையில் குத்தி வைத்திருந்தான் பாங். மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லாரும் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.

“செங்கொடிய யாரு கறுப்பாக்கினது? யாரு தலைகீழாத் தொங்கவிட்டது?” என்று கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. “சரி, சுளுவா ஒரு கேள்வி கேக்கறேன். இந்தத் தண்ணிய வரைஞ்சது யாரு?”

“தண்ணின்னா பெய்ஜென்தான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னது.

பெய்ஜென் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். மரங்களின் நிழலில் நெட்டுக்கோடுகூட லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கொடியின் நிழலில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அறையில் இருந்த ஓவியர் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கும். பாங்குக்கு மட்டும் தெரிய நியாயமில்லை என்று நினைத்தாள். கூவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து, கால்சட்டை முழங்காலில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சொல்வார் என்று காத்திருந்தாள். இதோ இருமுகிறார், இப்போது எழுந்துவிடுவார். எழவில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜையோரம், ஒரே அடுப்படி. யாச்சின்னைத் தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. பயம் கோபத்தைவிடப் பெரியதாக இருந்தது.

“தோழர் பெய்ஜென்,” என்றான் பாங். “உங்க மக வடக்கே பனியில கிடக்கா இல்ல? அவ காகிதம் என்கிட்டதான் வந்திருக்கு. முத்திரை குத்தறதுக்கு முந்தி குடும்பம் எப்படின்னு நான் ஒரு வரி எழுதணும். என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க.”

அவள் எழுந்தாள். “அது என் கோடு இல்ல தோழர்.”

“எப்படி நம்பறது?”

தாளும் பேனாவும் கொடுத்தார்கள். பலகை முன்னால் நின்று இடக்கையால் தண்ணீர் வரைந்து காட்டினாள். பேனாவை வலக்கைக்கு மாற்றி மறுபடியும் போட்டுக் காட்டினாள், அது பிள்ளை கிறுக்கல் மாதிரி இருந்தது. கோட்டின் சாய்வைச் சுட்டிக் காட்டினாள். பாங் பக்கத்தில் வந்து, கண்ணைச் சுருக்கி, நல்ல மாணவன் மாதிரி தலையாட்டினான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அது என் கோடு இல்லை என்பதோடு உட்கார்ந்திருக்கலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதிப்பட்டிருக்கலாம்.

“சரி, வலக்கை,” என்றான் பாங். “இங்க இருக்கிற எல்லாருக்கும் வலக்கை இருக்கே. யாரோடது?”

பெய்ஜென்னின் கண்ணுக்குள் மகளின் வீங்கிய முகம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. “கூ அண்ணன்,” என்று ஆரம்பித்து, “கூ திங்ஷான்” என்று திருத்திச் சொன்னாள். கையை நீட்டிக் காட்டவும் செய்தாள். எந்தக் கையால் வரைந்தாளோ அந்தக் கை.

கூ உடனே எழுந்தார். “ஆமா. நான்தான் வரைஞ்சேன்,” என்றார். எங்கே தாமதமாகிவிடுமோ என்பதுபோல எழுந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. பிறகு கோஷங்கள் ஆரம்பித்தன. எல்லாரோடும் அவளும் கையை உயர்த்தினாள்.

மறுநாள் காலையிலேயே முத்திரை குத்திய காகிதம் அவள் மேஜைக்கு வந்தது. அதே வாரம் கூவை ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவுக்கு, உப்பு மண்ணில் நாணல் வெட்டுகிற பண்ணைக்கு அனுப்பினார்கள். நுரையீரல் சரியில்லாதவருக்குத் தோதான இடம்தான், வருஷம் பூராவும் ஈரக்காற்று. அவர் கிளம்பிய அன்று பெய்ஜென் மாடியிலேயே இருந்தாள். கீழே பெட்டியை இழுக்கிற சத்தம், இருமல், சுய்யுன்னின் செருப்புச் சத்தம் எல்லாம் கேட்டது. அவள் இறங்கிப் போகவில்லை.

படத்தைத் திருத்தி மறுபதிப்புப் போட வேண்டும் என்றார்கள். தண்ணீர் யாருடையதோ அவளிடமே வந்தது. சவர பிளேடால் கூவின் கோடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். தடிமனான தாள், மை ஆழமாக இறங்கியிருந்தது. நல்ல கோடுகள் அவை. முதல் தடவை தண்ணீர் வரைந்த ஒருவரால் இவ்வளவு சுத்தமாகப் போட முடியுமா என்று நினைத்தாள். சுரண்டின இடத்தின் மேலே அலை போட்டாள். மறுபதிப்பில் எல்லாம் ஒரே கையாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் வரைந்த ஏரிகளில் மரங்கள்கூடத் தெரிவதில்லை, எல்லா இடத்திலும் அலைதான். ஆசிரியர் குழுவில் சிலர் இது பெய்ஜென்னின் புதுப் பாணி என்று பாராட்டினார்கள்.

யாச்சின் வசந்தத்தில் வந்து சேர்ந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. மாடிப்படி ஏற இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெய்ஜென் சொல்வதற்குள் சந்து முழுவதும் சொல்லிவிட்டிருந்தது. அம்மாவிடம் வந்து, “நெசமா?” என்று மட்டும் கேட்டாள். பெய்ஜென் ஒளிக்காமல் சொன்னாள்.

யாச்சின் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். “எனக்காகத்தானே செஞ்சே,” என்றாள் பிறகு. “நான் அங்கயே கிடந்திருந்தா செத்திருப்பேன். மாமா புரிஞ்சுக்குவாரு.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெய்ஜென் அதன்பின் எழுந்தாள், அரிசி கழுவினாள், வேலைக்குப் போனாள். ஆள் கெட்டவள்தான், துரோகிதான், ஆனால் பெண் பிழைத்தாள். யார் கேட்டாலும் இதைச் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. தினமும் மனசுக்குள் அவளே கேட்டு அவளே சொல்லிக்கொண்டாள்.

கீழே சுய்யுன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசவும் இல்லை, அடுப்பை இடம் மாற்றவும் இல்லை. முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்று இரண்டு பேரும் சமைத்தார்கள். பெய்ஜென்னின் அடுப்பில் பால் பொங்கினால் சுய்யுன் மூடியைத் தள்ளிவிட்டுப் போவாள், முகத்தைப் பார்க்காமல். அடித்திருந்தாலும் தேவலை என்று பெய்ஜென் நினைத்தாள்.

கூ திரும்பி வரவில்லை. அடுத்த குளிரில் அவர் நுரையீரல் ஒரேயடியாகக் கைவிட்டது. சாம்பல் ஒரு மரப்பெட்டியில் வந்தது. இறுதிச் சடங்கு முடிந்தால் வந்தவர்களுக்குச் சோயாப் பாலில் செய்கிற டோஃபுவைச் சமைத்துப் போடுவது அங்கே முறை. சுய்யுன் காலையிலிருந்து தனியாக நின்று சமைத்தாள். பெட்டியை மேஜை நடுவில் வைத்து, கிண்ணங்களைச் சுற்றி அடுக்கினாள். தண்டனை பெற்றவர் வீட்டு டோஃபுவைத் தின்ன யாருக்குத் துணிச்சல்? மத்தியானம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை.

யாச்சின் படியிறங்கினாள். அவளைப் பிடித்துக்கொண்டு பெய்ஜென்னும் இறங்கினாள், மகளுக்குத் துணையா அல்லது தனக்கா என்று தெரியாமல்.

“அத்தை, நாங்க உக்காரலாமா?”

சுய்யுன் இருவரையும் பார்த்தாள். “உக்காருங்க. சமைச்சாச்சு, யாராவது திங்கணுமில்ல.”

உட்கார்ந்தார்கள். பெய்ஜென்னால் பெட்டியைப் பார்க்க முடியவில்லை. “அண்ணி, என்னை நீங்க...” என்று ஆரம்பித்தாள்.

“மன்னிப்புக் கேக்காத,” என்றாள் சுய்யுன். “கேட்டா நான் பதில் சொல்லணும். பேசாம இரு. நான் ஒண்ணு சொல்லணும், அதைக் கேட்டுக்க. இத்தனை நாள் சொல்லலை. அவரே திரும்பி வந்து சொல்லிக்கட்டும்னு இருந்தேன். இனி அதுக்கு வழியில்ல.”

யாச்சின்னுக்குச் சோறு போட்டபடியே சொன்னாள்.

“கூட்டத்துக்கு முந்தின நாளே அவரு பாங்கிட்ட போயி ஒத்துக்கிட்டாரு. நான்தான் வரைஞ்சேன், பெய்ஜென் அன்னிக்கு எடத்துலயே இல்ல, அவளை இதுல இழுக்காதீங்கன்னு. பாங் என்ன சொன்னான் தெரியுமா? தானா வந்து ஒத்துக்கிட்டா அதுல எனக்கு என்ன லாபம்னான். கூட்டத்துல சனங்க கண்டுபிடிச்சாத்தான் மேல எழுதி அனுப்ப முடியுமாம். நீ வாயத் திறக்காம உக்காரு, யாராவது உன் பேரைச் சொல்லுவாங்க, அப்ப எழுந்து ஆமான்னு சொல்லுன்னான். அவரு சரின்னாரு. பதிலுக்கு ஒண்ணு கேட்டாரு. இவ காகிதத்துல முத்திரை. அவரு கண்ணு முன்னாடியே குத்தி, கூட்டம் முடிஞ்சு தர்றேன்னு மேஜைக்குள்ள வெச்சுப் பூட்டினான்.”

சுய்யுன் பெய்ஜென்னின் கிண்ணத்தை எடுத்துச் சோறு போட்டாள்.

“பேர் சொல்றதுக்கு ஆளும் ஏற்பாடு பண்ணியாச்சு. உங்க ஆபீசுல படத்துக்குக் கீழ எழுத்து வரையறானே மியாவ், அவன். மனப்பாடம் பண்ணிக்கிட்டு ரெண்டாவது பெஞ்சுல உக்காந்திருந்தான். நீ முந்திக்கிட்ட.”

“என்கிட்ட ஏன் சொல்லலை அண்ணி?” என்றாள் பெய்ஜென். “ஒரு வார்த்தை. இந்த அடுப்படியில நின்னு ஒரே ஒரு வார்த்தை.”

“சொல்லலாம்னுதான் நான் சொன்னேன். அவருதான் வேண்டாம்னாரு. பெய்ஜென்னுக்கு நடிக்க வராது, மூஞ்சியப் பாத்தே பாங் கண்டுபிடிச்சுடுவான், காகிதத்தக் கிழிச்சுப் போட்டுடுவான்னாரு. பயப்படுவாதான், ஆனா வாயத் திறக்க மாட்டா, எனக்குத் தெரியும்னாரு. அவ சும்மா உக்காந்திருந்தாப் போதும்னாரு.”

சுய்யுன் பெட்டிக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் ஒரு துண்டு டோஃபுவை வைத்துவிட்டுத் தானும் சாப்பிட ஆரம்பித்தாள்.

யாச்சின் குச்சிகளைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

“அப்ப என்னை ஊருக்கு வரவழைச்சது மாமா,” என்றாள்.

“ஆமா,” என்றாள் பெய்ஜென்.